நெஞ்சு நோவுக்கு அஸ்பிரின்: வீட்டில் எப்போது கொடுக்கலாம், எப்போது கொடுக்கக்கூடாது?

கேள்வி, கொக்குவில் வாசகர் ஒருவர். 03.11.2024

என் தந்தைக்கு 67 வயது. சலரோகமும் பிரசரும் உண்டு. மாரடைப்பு இதுவரை வந்ததில்லை. நெஞ்சு நோ வந்தவுடன் ஓர் அஸ்பிரின் குளிசையை நாக்கின் கீழ் வைத்தால் போதும், ஆபத்து நீங்கிவிடும், பிறகு ஆறுதலாக வைத்தியரிடம் போகலாம் என்று எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது சரியா? எந்தக் குளிசை, எத்தனை, எப்படிக் கொடுப்பது?

03.11.2024, இரவு

யாழ்ப்பாண நகரில் ஒரு மருந்தகத்தில் நீண்டகாலமாக மருந்தாளராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தச் செய்தியில் ஒரு சொல் மட்டும் சரி, அது அஸ்பிரின். மற்றவை எல்லாம் ஆபத்தானவை.

மாரடைப்போ என்று சந்தேகிக்கத்தக்க நெஞ்சு நோ வந்தால் முதல் வேலை 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழைப்பது. அஸ்பிரின் அதற்குப் பிறகுதான். அம்புலன்ஸ் வரும்வரை நோயாளியை நடக்கவிடாமல், முதுகைச் சாய்த்து, முழங்காலை மடித்து இருத்த வேண்டும். அவர் முழு நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது, அஸ்பிரின் ஒவ்வாதவர் அல்லர் என்பதெல்லாம் தெரிந்தால், 300 மில்லிகிராம் அஸ்பிரினை நன்றாக மென்று விழுங்கச் சொல்லலாம். வீட்டில் இருப்பது 75 மில்லிகிராம் குளிசை என்றால் நான்கு, 100 என்றால் மூன்று. நீரில் கரையும் 300 மில்லிகிராம் குளிசை என்றால் ஒன்றைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

நாக்கின் கீழ் வைப்பது ஜி.ரி.என் என்னும் வேறொரு குளிசை. அது முன்பே இதய வருத்தம் உள்ளவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுப்பது. அஸ்பிரினை நாக்கின் கீழ் வைத்துக் காத்திருப்பதில் பயன் இல்லை. அதை மெல்லத்தான் வேண்டும். இன்று விற்கப்படும் 75, 100 மில்லிகிராம் குளிசைகள் பலவற்றுக்கு இரைப்பையில் கரையாத மேற்பூச்சு இருக்கிறது. வயிற்றைக் காப்பதற்காக இட்ட அந்தப் பூச்சு, அவசரவேளையில் மருந்தைக் குடல்வரை பூட்டி வைத்துவிடும். பல்லால் அதை உடைத்தால்தான் மருந்து உடனே வெளிவரும். பூச்சு இல்லாத குளிசைக்கும் இது பொருந்தும். 1999இல் தொண்டர்கள் சிலரைக் கொண்டு செய்த சிறிய ஆய்வொன்றில், குருதியை உறையத் தூண்டும் துரொம்பொக்சேன் பாதியாகக் குறைவதற்கு, மென்றவர்களுக்குச் சுமார் 5 நிமிடமும், கரைத்துக் குடித்தவர்களுக்குச் சுமார் 8 நிமிடமும், முழுதாக விழுங்கியவர்களுக்குச் சுமார் 12 நிமிடமும் எடுத்தன.

04.11.2024

இன்று காலை ஒருவர், "நோவை ஆற்றுகிற குளிசைதானே, அப்படியென்றால் பனடோல் போதாதா?" என்று கேட்டிருக்கிறார். போதாது. இந்த இடத்தில் அஸ்பிரினை நோ ஆறுவதற்காகக் கொடுப்பதில்லை. மாரடைப்பில், இதயத் தசைக்குக் குருதி கொண்டுபோகும் முடியுருநாடியின் உட்சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வழியை அடைக்கின்றன. சிறுதட்டுகள் ஒன்றையொன்று அழைக்கும் சமிக்ஞைதான் துரொம்பொக்சேன். அதை உண்டாக்கும் நொதியத்தை அஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. சிறுதட்டுக்குக் கரு இல்லாததால் புதிய நொதியத்தைச் செய்துகொள்ள அதனால் முடியாது. ஆகவே அது வாழும் 7 முதல் 10 நாள்வரை அப்படியே முடங்கிக் கிடக்கும். பனடோலில் உள்ள பரசிட்டமோலுக்கு இந்த வேலை தெரியாது. இபுபுரூபன் என்ற நோக் குளிசை அந்த நொதியத்தில் சிறிது நேரம் இருந்துவிட்டு விலகிவிடும். அத்துடன், முன்பே எடுத்திருந்தால் அஸ்பிரின் போய் ஒட்டவேண்டிய இடத்தையும் மறித்துவிடக்கூடும். நெஞ்சு நோவுக்கு இபுபுரூபனோ டைக்குளோபெனாக்கோ கொடுக்கவே கூடாது.

நாளாந்தம் 75 மில்லிகிராம் போதுமென்றால் அவசரத்துக்கு ஏன் 300 என்ற கேள்விக்கும் விடை இங்கேயே உண்டு. சிறிய அளவு, நாள்தோறும் புதிதாகப் பிறக்கும் பத்தில் ஒரு பங்குச் சிறுதட்டுகளை முடக்கிக்கொண்டே வந்து, சில நாள்களில்தான் முழுப் பலனைத் தரும். அவசரவேளையில் சில நாள்கள் நம்மிடம் இல்லை.

04.11.2024, இரவு

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவற்றை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது முழுவதும் பாதி உண்மையாகிவிடும். அஸ்பிரினால் அல்லது வேறு நோ மருந்துகளால் எப்போதாவது உடல் தடித்ததா, முகம் வீங்கியதா, தொய்வு (ஆஸ்துமா) வந்ததா? இப்போது எங்காவது குருதி கசிகிறதா, கருநிறமாக மலம் போகிறதா, அண்மையில் வயிற்றுப் புண்ணால் குருதி வாந்தி எடுத்தவரா? வார்பரின் போன்ற குருதி உறையா மருந்து எடுப்பவரா? காய்ச்சல் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்றால் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். 1990இல் பேசுபவரிடம் அதைச் சொல்லி, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

வாய் ஒருபக்கம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். அதற்கு அஸ்பிரின் வீட்டில் கொடுக்கவே கூடாது. மூளையில் அடைப்பா, குருதிக் கசிவா என்பதைச் சீ.ரி. ஸ்கான்தான் சொல்லும். கசிவாக இருந்தால் அந்தக் குளிசை பெருந்தீங்கு செய்யும். நெஞ்சைக் கிழிப்பதுபோல் திடீரென்று தோன்றி முதுகுக்குப் போகும் நோவும் அவ்வாறே: பெருநாடியின் சுவர் பிளந்திருக்கலாம். அங்கேயும் வீட்டு அஸ்பிரின் வேண்டாம்.

நினைவற்றவரின் வாயில் எதையும் போடாதீர்கள். அவர் மூச்சு விடவில்லை என்றால் நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமத்தத் தொடங்குங்கள்.

06.11.2024

"வாயுவா, மாரடைப்பா என்று எப்படித் தெரியும்?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் உயிர்கள் போவது இந்தக் கேள்வியில்தான் என்பது என் எண்ணம். ஆகவே சற்று நீட்டி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பகல்வேளையில் முதியவர் ஒருவர் கடைக்கு வந்தார். கண்ணாடி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, நெஞ்சுக்கை என்னவோ இறுக்குது, காஸுக்கு ஒண்டு தாங்கோ" என்றார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் காலம்தான், ஆனாலும் நெற்றியில் இருந்த வியர்வை குளிர்ந்த வியர்வை. முகம் சாம்பல் பூத்திருந்தது. விடியற்காலை முதல் அப்படி இருப்பதாகவும், வீட்டில் இஞ்சி போட்ட தேத்தண்ணியும் ஓமத் தண்ணீரும் குடித்துப் பார்த்ததாகவும், பிறகு தைலம் பூசியதாகவும் சொன்னார். அவரைக் கதிரையில் இருத்தினேன். உதவியாளர் 1990ஐ அழைத்தார். நான் மேலே எழுதிய கேள்விகளைக் கேட்டு, கரையும் அஸ்பிரின் கொடுத்தேன். அவருக்கோ கவலை முழுவதும் வெளியே நின்ற சைக்கிளில் இருந்தது: "பூட்டாமல் விட்டிட்டு வந்திட்டன், ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று எழும்ப எழும்ப, "ஐயா, நீங்கள் இருங்கோ, நான் பூட்டுறன்" என்று தோளில் கை வைத்து இருத்த வேண்டியிருந்தது. ஈசிஜியில் அது இதயத்தின் கீழ்ச்சுவரில் வந்த மாரடைப்பு என்று தெரிந்தது. அவர் பிழைத்தார். ஆனால் விடியற்காலையிலிருந்து பகல்வரை அவர் வீட்டில் கழித்த மணித்தியாலங்களில் இறந்த இதயத் தசை திரும்ப வரவில்லை. இப்போதும் படி ஏறினால் இளைப்பு.

வாயுவா மாரடைப்பா என்று வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது; மருந்தகத்தில் நின்றும் முடியாது. இதயத்தின் கீழ்ச்சுவர் வயிற்றுக்கு மேலே கிடப்பதால் அந்த மாரடைப்பு நெஞ்செரிவாகவும் ஓங்காளமாகவும் வரும். சலரோகக்காரருக்கு நரம்புகள் மரத்திருப்பதால் நோவே இல்லாமல் இளைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம். பெண்களுக்குத் தாடையிலும் முதுகிலும் நோவாக வந்து, களைப்பு என்று தள்ளிவைக்கப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கொக்குவில் அன்பர் தந்தையின் சலரோகத்தைக் குறிப்பிட்டிருந்தார். இந்த வரி அவருக்காகவே எழுதியது.

09.11.2024

இந்த 300 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது என்று ஓர் ஆசிரியர் கேட்கிறார். அஸ்பிரின் 1897இல் ஜேர்மனியில் தூய்மையாகத் தயாரிக்கப்பட்டது. குருதியோடு அதற்குள்ள உறவை 1940களின் இறுதியிலேயே கலிபோர்னியாவில் லோரன்ஸ் கிரேவன் என்ற வைத்தியர் கவனித்தார்: தொண்டைச் சதை அகற்றியபின் நோ தீர அஸ்பிரின் கலந்த சுவிங்கம் மென்றவர்களுக்குக் குருதி கூடுதலாகக் கசிந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1971இல் ஜோன் வேன் காட்டினார். அதற்கு 1982இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அது உயிரைக் காக்கிறது என்பதை ஐயமற நிறுவியது 1988இல் வெளியான ஐஎஸ்ஐஎஸ்-2 என்ற ஆய்வு. 16 நாடுகளில் 417 வைத்தியசாலைகளில் 17,187 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். 162.5 மில்லிகிராம் அஸ்பிரினை ஒரு மாதம் எடுத்தவர்களிடையே ஐந்து வாரத்தில் இதய, குருதிக்குழாய் மரணம் 9.4 சதவீதம், வெறுங்குளிசை எடுத்தவர்களிடையே 11.8 சதவீதம். கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் ஊசியும் ஏறத்தாழ அதே அளவு காத்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது மரணம் 42 சதவீதம் குறைந்தது.

அமெரிக்காவில் முதல் அளவை 162 முதல் 325 என்றும், பிரித்தானியாவில் 300 என்றும் சொல்வார்கள். இடையில் உள்ள வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டில் 75 மில்லிகிராம் குளிசை மூன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அந்த மூன்றையும் மெல்லலாம்.

10.11.2024

நேற்று எழுதியதை இரவு மறுபடி வாசித்தபோது, முக்கியமான ஒன்று சொல்லப்படாமல் இருப்பது தெரிந்தது. அதே ஆய்வில் ஸ்ரெப்ரோகைனேஸின் பயன், நோ தொடங்கி முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிகுதியாகவும், பிந்தினால் குறைவாகவும் இருந்தது. அஸ்பிரினின் பயனோ முதல் 24 மணித்தியாலத்துக்குள் எப்போது தொடங்கினாலும் பெரிதாக மாறவில்லை. இதன் பொருள் என்ன? மணிக்கூட்டோடு போட்டி போடுவது அஸ்பிரின் அல்ல, அடைத்த நாடியைத் திறக்கும் சிகிச்சைதான். அது வைத்தியசாலையில்தான் இருக்கிறது. வீட்டில் அஸ்பிரின் இல்லையென்றால் அதைத் தேடிச் சந்திக் கடைக்கு ஆள் அனுப்பாதீர்கள். அங்கே போனவுடன் அவர்களே கொடுப்பார்கள். கையில் இருந்தால் மெல்லுங்கள், இல்லையென்றால் போங்கள்.

11.11.2024

"அவரவர் உடம்புக்கு ஏற்ப மாறும், சிலருக்கு அஸ்பிரின் சரிவராது" என்று எழுதியவருக்கு இது. ஐஎஸ்ஐஎஸ்-2 ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த திகதிப்படி ராசி ராசியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். மேலைநாட்டுக் கணிப்பின்படி மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரின் பயன் தரவில்லை என்றும், மற்ற ராசிக்காரருக்கு மிகுந்த பயன் தந்தது என்றும் கணக்குக் காட்டியது. ஆய்வாளர்கள் அதை வெளியிட்டது சாதகத்தை நிறுவ அல்ல. பெரிய கூட்டத்தைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துக்கொண்டே போனால் தற்செயலும் உண்மையின் முகத்தோடு வந்து நிற்கும் என்று எச்சரிக்கவே.

இந்த எச்சரிக்கை நான் நேற்று எழுதிய நான்கு மணித்தியாலக் கணக்குக்கும் பொருந்தும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு பிரிவுக் கணக்குத்தான். ஆனால் நாடியைத் திறக்கும் சிகிச்சை முந்தினால்தான் தசை தப்பும் என்பது அதன் பின் வந்த பல ஆய்வுகளிலும் உறுதியான செய்தி. ஆகவே நேற்றைய அறிவுரையில் மாற்றம் இல்லை.

15.11.2024

தொய்வு பற்றி. 4ஆம் திகதிய குறிப்பில் சுருக்கமாக எழுதியதை விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் தொய்வு உள்ள ஒருவர் "எனக்கு அஸ்பிரினே ஆகாதா?" என்று பயந்து கேட்டிருக்கிறார். தொய்வு உள்ள எல்லாருக்கும் அஸ்பிரின் ஆகாது என்பதில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்கே, பெரும்பாலும் மூக்கினுள் சதை வளர்ச்சி உள்ளவர்களுக்கு, அஸ்பிரினும் இபுபுரூபனும் டைக்குளோபெனாக்கும் கடும் இளைப்பை உண்டாக்கும். "நோக் குளிசை எடுத்து எப்போதாவது முட்டு வந்ததா?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வரவில்லை என்றால் தடையில்லை. கிளினிக்குக்குப் போகும்போது இதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொப்பியில் எழுதுவித்து வைத்திருங்கள்.

22.11.2024

மாரி தொடங்கிவிட்டது, அதோடு டெங்கும். இது இந்த இழைக்கு வெளியே போவதல்ல. நேற்று ஒரு தாய் தன் மகனின் காய்ச்சலுக்கு "அந்தக் கரையிற குளிசை" கேட்டார். வீட்டில் தாத்தாவுக்கு வைத்திருந்த அஸ்பிரினில் ஒன்றை முதல்நாள் கொடுத்ததாகவும், காய்ச்சல் விட்டதாகவும் மகிழ்ச்சியாகச் சொன்னார். டெங்குவில் சிறுதட்டுகளின் எண்ணிக்கை ஏற்கெனவே சரிந்துவிடுகிறது. மிஞ்சியவற்றையும் அஸ்பிரின் முடக்கினால் குருதி கசிவதைத் தடுக்க உடலில் ஆள் இல்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: வைரசுக் காய்ச்சலில் அஸ்பிரின் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்த்தொகுதி வரக்கூடும். பிள்ளையை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினேன்.

இதய வருத்தத்துக்காக நாளாந்தம் அஸ்பிரின் எடுக்கும் முதியவருக்குக் காய்ச்சல் வந்தால் தாமாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். அன்றே வைத்தியரைக் கண்டு குருதிச் சோதனை செய்து முடிவெடுக்க வேண்டும். நாடியைத் திறந்து வைக்கும் ஸ்ரென்ற் என்ற வலைக்குழாய் வைத்தவர்களுக்கு இது இன்னும் கடுமையான விடயம்.

01.12.2024

கொக்குவில் அன்பர் திரும்பி வந்திருக்கிறார்: "அப்படியென்றால் அப்பாவுக்கு இப்போதிருந்தே நாளுக்கு ஒரு 75 கொடுத்து வரலாமா?"

வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு நாளாந்த அஸ்பிரின் பயன் தருவது உறுதி. வராதவருக்குக் கணக்கு வேறு. 2018இல் வெளியான அஸ்பிரீ ஆய்வில் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களைச் சுமார் 4.7 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நாளுக்கு 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு இதய வருத்தம் குறிப்பிடும்படி குறையவில்லை. கடும் குருதிக்கசிவு கூடியது. அதே ஆண்டில் சலரோகக்காரரிடம் செய்த ஆய்வில் மாரடைப்புப் போன்றவை சற்றுக் குறைந்தன, ஆனால் கசிவு கூடி அந்தப் பயனைப் பெருமளவு ஈடுகட்டிவிட்டது. 60 வயதைக் கடந்தவர்கள் முதல்தடவையாகத் தடுப்புக்காக அஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கப் பரிந்துரைக் குழு 2022இல் சொன்னது. அவசரத்துக்கு ஒருமுறை மெல்வதும் ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் இரண்டு வேறு முடிவுகள். தந்தையின் பிரசரையும் சீனியையும் கொலஸ்ரரோலையும் கட்டுப்படுத்துவதில் கிடைக்கும் காப்பு, கேட்காமல் தொடங்கும் ஒரு குளிசையில் கிடைக்காது. பிரசர் கட்டுப்படாத நிலையில் அஸ்பிரினால் மூளைக்கசிவு ஆபத்தும் கூடும்.

08.12.2024

சேமிப்பு. இன்று ஒருவர் கொண்டுவந்து காட்டிய போத்தலைத் திறந்தவுடன் வினாகிரி மணம் வந்தது. அடுப்படி அலுமாரியில் இருந்ததாம். அஸ்பிரின் ஈரத்தில் உடைந்து சலிசிலிக் அமிலமும் வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலமும் ஆகிவிடும். சிறுதட்டை முடக்குவது உடைந்துபோன அந்த அசற்றைல் பகுதிதான். மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். அட்டையிலுள்ள குளிசையை வெட்டாமல், காலாவதித் திகதி தெரியும்படி, அடுப்படிக்கும் குளியலறைக்கும் தூரமாக, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஜி.ரி.என் குளிசையை அதன் கண்ணாடிப் போத்தலிலிருந்து மாற்றக்கூடாது. திறந்தபின் சில வாரங்களில் அது வலுவிழந்துவிடும். அதை இருந்தபடியேதான் எடுக்க வேண்டும், நின்றால் தலைசுற்றி விழலாம். ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாபில் குளிசையை எடுத்த 24 மணித்தியாலத்துக்குள் ஜி.ரி.என் கூடவே கூடாது. வெட்கப்பட்டு இதை மறைப்பவர்கள் உண்டு. அவசரப் பிரிவில் கேட்டால் மறைக்காதீர்கள்.

இன்னொன்று. அஸ்பிரினும், சிறுதட்டுகளை முடக்கும் இன்னொரு மருந்தான குளோப்பிடோகிரலும் கொலஸ்ரரோல் மருந்தும் ஒன்றாக அடைத்த கூட்டு மாத்திரைகள் விற்பனையில் உண்டு. 300 ஆக்குவதற்காக அவற்றில் நான்கை எடுக்க வேண்டாம். மற்ற மருந்துகளும் நான்கு மடங்காகிவிடும். காலையில் வழமையான 75ஐ எடுத்தவர் மாலையில் நெஞ்சு நோ வந்தால், "இன்றைக்கு எடுத்தாயிற்று" என்று இருந்துவிடக்கூடாது. 1990இல் பேசும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மெல்லும்படியே சொல்வார்கள்.

14.12.2024

நெடுந்தீவு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்களுக்குக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வரவே படகில் ஒரு மணித்தியாலம். 1990 வாகனம் கடலைக் கடக்காது. எங்களுக்கு உங்கள் குறிப்பில் என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி. 2018 யூலையில் இந்த இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்ததிலிருந்து குடாநாட்டில் நிலைமை மாறியிருக்கிறது. தீவுகளில் அதே அளவு மாறவில்லை. வீட்டு அஸ்பிரினின் பெறுமதி உங்களுக்குத்தான் கூட. 300 மில்லிகிராமை மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டபின் மெல்லச் செய்து, மென்ற நேரத்தை ஒரு தாளில் எழுதி, வெற்று அட்டையோடு நோயாளியின் கையில் கொடுங்கள். ஏற்கெனவே எடுத்தது தெரியாமல் மறுபடி முழு அளவு கொடுபடாமல் இருக்க அது உதவும். இறங்குதுறைக்கு நேராகப் போய்ப் படகுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் நெடுந்தீவு பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள். கடல்வழி மாற்றுவதை அங்கிருந்து ஒழுங்கு செய்வார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு முன்னறிவித்தலும் அவர்கள் கொடுத்தால்தான் மறுகரையில் வாகனம் ஆயத்தமாக நிற்கும். நோ இரவில் வந்தால் விடியும்வரை பார்ப்போம் என்று இருந்துவிடாமல், அந்த நேரமே வைத்தியசாலைக் கதவைத் தட்டுங்கள்.